குமரிக் கடற்கரையில் குறைகார்பன் சிமெண்டை விற்பது எப்படி

குளச்சலில் இருந்து முட்டம் வரைக்கும் கடலோரச் சாலையில் ஒரு தடவை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் போட்டிருப்பார்கள், தூணை நட்டு நடுவில் ஸ்லாப்பைச் சொருகுகிற வகை. பல தூண்களின் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே ஓடும். அதன் ஓரத்தில் டீக்கறை போலப் பழுப்பு கசிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரு சில்லு பெயர்ந்து கையோடு வந்துவிடும், உள்ளே கம்பி இருந்த இடத்தில் அடையடையாகத் துரு. போட்டு ஐந்தாறு வருடம்கூட ஆகாத சுவரில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் திரும்பவும் அதே தூணை, அதே கலவையில், இன்னொரு யார்டில் வாங்கி நடுவார்.

குறைகார்பன் சிமெண்டுக்கு நம் மாவட்டத்தில் முதல் சந்தை இந்தத் தூணில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதை எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும், என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை எங்கள் யார்டில் கற்றுக்கொண்டதை வைத்து எழுதுகிறேன். தூண், ஸ்லாப் என்று முன்கூட்டியே வார்த்து விற்கும் சிறிய ப்ரீகாஸ்ட் யார்டு வைத்திருப்பவர்கள், சிவில் படித்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிமெண்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரி வரை சுட்டால் கிடைக்கும் கரும்சாம்பல் உருண்டைகள்தான் அது. இதில் எரிபொருள் விடும் புகை ஒரு பங்கு என்றால், சுண்ணாம்புக்கல்லே விடுகிற கார்பன் டை ஆக்சைடு அதைவிடப் பெரிய பங்கு, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காற்றோடு போய்விடும். எரிபொருளைச் சூரியசக்திக்கு மாற்றினாலும் அந்த 44 கிலோ குறையாது. ஒரு டன் கிளிங்கருக்கு 0.8 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அதனால் கார்பனைக் குறைக்க நேரான வழி ஒன்றுதான், சிமெண்டில் கிளிங்கரின் அளவைக் குறைப்பது.

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் அப்படித்தான் வந்தது. அடுத்த படி எல்சி3. சுண்ணாம்புக்கல் பொடியும் சுட்ட களிமண்ணும் கலந்த சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஈபிஎஃப்எல் பல்கலைக்கழகம், கியூபாவின் லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகம், இங்கே ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ், தாரா அமைப்பு எல்லாம் சேர்ந்து வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. வழக்கமான கலவை: கிளிங்கர் 50%, சுட்ட களிமண் 30%, சுண்ணாம்புக்கல் பொடி 15%, ஜிப்சம் 5%. கிளிங்கர் பாதியாகியும் பலம் குறையாததற்குக் காரணம் உண்டு. கயோலின் வகைக் களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் அதில் இருக்கும் அலுமினா விழித்துக்கொள்ளும், அது சுண்ணாம்புக்கல் பொடியோடும் சிமெண்ட் கட்டும்போது வெளிவரும் சுண்ணாம்போடும் சேர்ந்து புதிய படிகங்களை உண்டாக்கி, கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் நுண்துளைகளை அடைத்துவிடும். துளை அடைபட்டால், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு உள்ளே போவது பல மடங்கு மெதுவாகும். கடலோரக்காரர்களான நமக்கு இந்தக் கடைசி வரி போதும்.

சுட்ட மண்ணைச் சுண்ணாம்போடு சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சுர்க்கி என்று நம் தாத்தா காலத்துக் கொத்தனார்கள் சொன்னது இதைத்தான். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டியதுதான். வயதான மேஸ்திரிகளிடம் எல்சி3 பற்றிப் பேசும்போது நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன், உடனே பிடிபடும்.

எதை விற்பது

புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பை அடித்துப் பெயர் போட்டுச் சிமெண்டாகவே விற்கலாம் என்று நினைப்பது. சிமெண்ட் கட்டாய ஐஎஸ்ஐ முத்திரைப் பொருள். 2003-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி முத்திரை உரிமம் இல்லாமல் ஒரு மூட்டைகூடத் தயாரித்து விற்க முடியாது. எல்சி3-க்கான இந்தியத் தரம் ஐஎஸ் 18189 என்ற எண்ணில் 2023-இல் வந்துவிட்டது, ஆகவே பெரிய ஆலைகளுக்கும் அரவை ஆலைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் போக ஆலை, ஆய்வுக்கூடம், உரிமம், கோடிக்கணக்கில் முதல் எல்லாம் வேண்டும். நம்மிடம் இல்லை.

நமக்கு இருக்கும் வழி கான்கிரீட் பொருள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456-இலேயே சாம்பல், சிலிக்கா ஃப்யூம், உமிச்சாம்பல், மெட்டாகயோலின் ஆகியவற்றைக் கலவையில் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. மெட்டாகயோலின் என்பது சுத்தமான கயோலினைச் சுட்டது, அதற்கென்று ஐஎஸ் 16354 என்ற தரமும் உண்டு. முத்திரை உள்ள 53 கிரேடு ஓபிசி (சாம்பல் எதுவும் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) மூட்டையைக் கடையில் வாங்கி, நம் மிக்சரில் சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்து, தூணாக வார்த்து விற்கிறோம். பக்கத்து யார்டுக்காரர் வந்து, "அண்ணே, அந்தப் பொடியும் சிமெண்டும் கலந்து எனக்குப் பத்து மூட்டை தாங்க" என்று கேட்பார். கொடுக்கக் கூடாது. கலந்து மூட்டையாகக் கொடுத்த அந்த நிமிடம் நீங்கள் உரிமம் இல்லாத சிமெண்ட் வியாபாரி ஆகிவிடுவீர்கள்.

ஹாலோ பிளாக்கில் தொடங்கினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். தொடங்கலாம், ஆனால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் கம்பி கிடையாது, உப்பைத் தடுக்கும் குணத்துக்கு அங்கே வேலை இல்லை, கல்லுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் வாங்குகிறவர் அடுத்த யார்டுக்குப் போய்விடுவார். கம்பி உள்ளே இருக்கும், மெல்லியதாக இருக்கும், கடல்காற்றில் நிற்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள். காம்பவுண்ட் தூண், ஸ்லாப், செப்டிக் டேங்க் மூடி, கிணற்று உறை, சன்ஷேடு எல்லாம் அந்த வகை. கடலோரத்துக் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும், எம்30 பலம் உள்ள கலவை வேண்டும், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. ஐந்து அங்குலத் தூணில் நான்கு பக்கமும் 45 மில்லி விட்டால் கம்பிகள் நடுவில் ஒரே கட்டாகச் சேர்ந்துவிடும், தூண் வளையும்போது அந்தக் கம்பியால் பிரயோஜனம் இல்லை. அதனால் யார்டுகளில் 15, 20 மில்லிதான் விடுகிறார்கள், வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. தூணை ஆறு அங்குலமாக்கி மூடலைக் கொஞ்சம் கூட்டி, கலவையையும் இறுக்கமாக்கினால் இரண்டு பக்கமும் லாபம்.

மண் எங்கே கிடைக்கும், நல்ல மண் என்று எப்படித் தெரியும்

சுத்தமான வெள்ளைக் கயோலின் வேண்டியதில்லை. மண்ணில் கயோலினைட் என்ற தாது 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எல்சி3-க்குப் போதும், பீங்கான் தொழிலும் பெயிண்ட் தொழிலும் ஒதுக்கித் தள்ளுகிற இரண்டாந்தர மண்ணே போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தோன்னக்கல், கொல்லத்துக் குண்டறை பகுதிகளில் நல்ல கயோலின் படிவு உண்டு. நம் மேற்குத் தாலுகாக்களிலும் செம்பூரான் பாறைக்குக் கீழே வெளிறிய மண் தட்டுப்படும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதற்காகப் புதிதாக ஒரு குன்றைக்கூடத் தோண்டக் கூடாது. கல்குவாரிகளால் நம் மலைகள் படுகிற பாட்டை இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், கார்பனைக் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மலையைக் குறைப்பதில் அர்த்தமே இல்லை. ஏற்கெனவே வெட்டிக் குவித்த கழிவு மண்ணைத் தேடுங்கள். அதற்கும் கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டு இல்லாத லாரியை யார்டுக்குள் விடாதீர்கள்.

மண்ணைச் சோதிக்க எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் முதலிய பெரிய சோதனைகள் இருக்கின்றன, கடைசியில் அதையும் செய்யத்தான் வேண்டும். அதற்கு முன் பத்து இடத்து மண்ணில் எட்டைக் கழித்துக்கட்ட ஒரு எளிய வழி உண்டு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மஃபிள் உலை இருக்கும், கேட்டால் விடுவார்கள். காய்ந்து பொடித்த மண்ணை முதலில் 400 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுத்து எடை போடுங்கள். பிறகு அதையே 600 டிகிரியில் வைத்து எடுத்து மறுபடி எடை போடுங்கள். சுத்தமான கயோலினைட் தன் எடையில் ஏறத்தாழ 14% தண்ணீரை இந்த இடைவெளியில்தான் விடும். 200 கிராம் மண்ணில் 13 கிராம் குறைந்தால் 6.5%, அதை 14-ஆல் வகுத்தால் கயோலினைட் சுமார் 46%. முதலில் ஏன் 400 டிகிரி என்றால், நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பு, அலுமினியத் தாதுக்களும் 300 டிகிரி வாக்கில் தண்ணீர் விடும், அதைச் சேர்த்து எண்ணிவிட்டால் மோசமான மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும். நாங்கள் முதல் தடவை நேராக 600-க்குப் போய், நல்ல மண் கிடைத்துவிட்டது என்று நம்பி இரண்டு லோடு இறக்கிவிட்டோம், பிறகு அதைத் தோட்டத்தில் கொட்ட வேண்டியதாயிற்று.

சூளைச் செங்கல்லை உடைத்துப் பொடித்தால் போதாதா என்று தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைக்காரர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் போதாது. 900 டிகிரியைத் தாண்டினால் விழித்த அலுமினா திரும்பவும் படிகமாகித் தூங்கிவிடும், 600-க்குக் கீழே நின்றால் விழிக்கவே விழிக்காது. சூளையில் அடிக்கல் ஒரு சூடு, மேல்கல் ஒரு சூடு. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கழிக்கும் ஓட்டை எரித்துச் சின்ன சுழல் உலையில் சுடலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை, முந்திரி ஓடு நன்றாக எரியும், அதோடு நிலக்கரி செலவும் கார்பனும் மிச்சம். ஆனால் அது இரண்டாம் கட்டம். முதல் ஒரு வருடம் சுட்ட மண்ணை விலை கொடுத்தே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மெட்டாகயோலின் கிலோவுக்குச் சிமெண்டைவிட விலை அதிகம்தான், சோதனைக் கட்டத்தில் அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதி ஏற்றுக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு லோடுக்கும் சோதனைச் சான்று கேளுங்கள், அதை நம்பிவிடாமல் நீங்களும் மூன்று சோதனைக் கட்டி (கியூப்) வார்த்துப் பலம் பாருங்கள். எங்களுக்கு ஒருவர் அனுப்பிய மூன்றாவது லோடு முதல் லோடைவிடப் பாதிப் பலம்தான் காட்டியது, சான்றிதழில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

கலவை

நேராக 50 சதவீதத்துக்குப் போகாதீர்கள். 100 கிலோவில் ஓபிசி 70, சுட்ட மண் 20, சுண்ணாம்புக்கல் பொடி 10 என்று தொடங்குங்கள். மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் எப்போதும் இரண்டுக்கு ஒன்று. மூன்று மாதம் கை பழகிய பிறகு 55, 30, 15 என்று நகரலாம், அந்த அளவில் ஒன்றரை கிலோ வாக்கில் ஜிப்சமும் சேர்க்க வேண்டியிருக்கும், காரணம் ஓபிசிக்குள் இருக்கும் ஜிப்சம் அதிலுள்ள கிளிங்கருக்கு மட்டும் அளந்து போட்டது, கூடுதலாக வந்த அலுமினா அதைத் தின்றுவிடும். சரியான அளவு மண்ணுக்கு மண் மாறும், சோதித்துத்தான் பிடிக்க வேண்டும்.

சுட்ட மண் ரொம்ப நைஸ், தண்ணீரைக் குடிக்கும். வழக்கமான தண்ணீரில் கலவை களி மாதிரி கெட்டியாக நிற்கும், மிக்சரில் நிற்பவர் பழக்கத்தில் வாளியைச் சாய்த்துவிடுவார். எங்கள் முதல் தொகுதி முழுக்க அப்படித்தான் போயிற்று. அடுத்த நாள் அச்சைக் கழற்றும்போதே விளிம்பு உதிர்ந்தது, 28-ஆம் நாள் கட்டிகள் எதிர்பார்த்ததில் பாதியைச் சற்றே தாண்டின. குறை மிக்சர்காரருடையது இல்லை, அவரிடம் முன்கூட்டி விளக்காதது என் தவறு. தண்ணீருக்குப் பதில் பிசிஇ வகை சூப்பர் பிளாஸ்டிசைசர், அதாவது தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து, சேர்க்க வேண்டும். ஒரு அளவுக் குடுவையை மிக்சருக்குப் பக்கத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். கலவை கெட்டியாகத் தெரிந்தால் தண்ணீர் இல்லை, மருந்து. அதிரும் மேஜையில் வைத்தால் களி மாதிரி இருந்த அதே கலவை எண்ணெய் போல இறங்கி மட்டமாகும், அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் வேலைக்காரர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

கலவைத் தண்ணீரையும் பாருங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரிக்காவிட்டாலும் உப்பு இருக்கலாம். கம்பிக் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சவரம்பு. உள்ளேயே உப்பைப் போட்டு வார்த்துவிட்டு வெளி உப்பைத் தடுக்கிற சிமெண்ட் வாங்கி என்ன பயன்.

நனைப்பு (க்யூரிங்) இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் காயக்கூடாது. தென்மேற்குக் காற்று காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் யார்டுகளில் காலையில் ஊற்றிய தண்ணீர் ஒன்பது மணிக்கே காய்ந்துவிடும், ஈரச்சாக்கு போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கல் வையுங்கள். தொட்டியில் முக்கி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எல்சி3-க்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உப்பை நன்றாகத் தடுக்கும், ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து, கம்பியைத் துருவில் இருந்து காக்கும் கான்கிரீட்டின் காரத்தைக் கொல்லும் கார்பனேஷன் இதில் ஓபிசியைவிட வேகமாக நடக்கும். தண்ணீர் குறைந்த இறுக்கமான கலவையும் ஒழுங்கான நனைப்பும்தான் அதற்கு மருந்து. கடலில் இருந்து தள்ளியிருக்கும் குலசேகரம், அருமனைப் பக்கத்துக்கு விற்கும்போது உப்புக் கதையைச் சொல்லி விற்காதீர்கள், அங்கே நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தால் தூண் இளஞ்சிவப்பாக வரும். பலத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை, ஆனால் "இது என்ன சார், மண்ணு கலந்த மாதிரி இருக்கு" என்று கேட்டு ஒரு வீட்டுக்காரர் வண்டியில் இருந்து இறக்கவே விடவில்லை. பெரிய ஆலைகளில் சுட்ட மண்ணை ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஆறவைத்து சாம்பல் நிறம் கொண்டுவருகிறார்கள். நாம் வெளிறிய மண்ணாகப் பார்த்து வாங்குவதுதான் வழி. அல்லது முன்கூட்டியே மாதிரித் தூணைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

சான்று

மூன்று காகிதம் கையில் இல்லாமல் விற்கப் போகாதீர்கள். 7, 28 நாள் கட்டிகளின் அழுத்தப் பலம் ஒன்று, அருகில் உள்ள பொறியியல் கல்லூரியிலேயே செய்துகொள்ளலாம். இரண்டாவது, விரைவுக் குளோரைடு ஊடுருவல் சோதனை. ஆறு மணி நேரத்தில் கான்கிரீட் வழியே ஓடிய மின்னூட்டத்தைக் கூலும்பில் சொல்வார்கள். 4000-க்கு மேல் என்றால் உப்பு தாராளமாக நுழையும், 1000-க்குக் கீழே என்றால் ரொம்பக் குறைவு. உங்கள் பழைய கலவையையும் புதிய கலவையையும் ஒரே நாளில் வார்த்து, ஒரே இடத்தில் சோதித்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதியதை மட்டும் காட்டினால் எந்தப் பொறியாளரும் மதிக்க மாட்டார். மூன்றாவது, தூணையே வளைத்துப் பார்க்கும் சோதனை, சுமை ஏற்றி எத்தனை கிலோவில் வெடித்தது என்ற கணக்கு.

இதற்கு மேல் ஒன்று செய்யச் சொல்வேன், அது காகிதம் இல்லை. பழைய கலவையில் ஆறு தூண், புதிய கலவையில் ஆறு தூண், எண் பொறித்து, கடலோரத்தில் தெரிந்தவர் தோப்பில் அலைத்தூறல் படுகிற தூரத்தில் நட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு ஜோடியைப் பிடுங்கி உடைத்து, உடைந்த முகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளியுங்கள். உப்பு போன இடம் வெள்ளையாக நிற்கும், போகாத இடம் பழுப்பாக மாறும். உப்பு எத்தனை மில்லி உள்ளே வந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். இன்னொரு முகத்தில் ஃபினால்ஃப்தலின் தெளித்தால் காரம் உயிரோடு இருக்கும் இடம் ரோஸ் நிறமாகும், கார்பனேஷன் ஆன இடம் நிறம் மாறாது. படிக்காதவருக்கும் புரிகிற சோதனை இது, வாங்க வருகிறவர் கண்முன்னே செய்யுங்கள்.

பணமும் அனுமதியும்

முதலில் நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்டச் செலவில் 25% மானியம், உச்சவரம்பு 75 லட்சம். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்களுக்குக் கடனோடு மானியம் கிடைக்கும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாமல் எதுவும் நகராது, அதை முதல் நாளே முடித்துவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவ ஒரு இசைவு, இயக்க ஒரு இசைவு. பொடி கையாளுகிற இடம் என்பதால் தூசியைப் பற்றித்தான் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி, கலக்கும் இடத்தை மூடிய கொட்டகையாகவே கட்டுங்கள்.

வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கையில் "கார்பன் கிரெடிட் வருமானம்" என்று ஒரு வரி எழுத ஆசை வரும், எழுதாதீர்கள். 2023-இல் அறிவித்த கார்பன் சந்தைத் திட்டம் பெரிய ஆலைகளை மையமாக வைத்தது, மாதம் சில டன் சிமெண்ட் புழங்கும் யார்டுக்கு அளந்து சரிபார்க்கும் செலவே வருமானத்தைத் தின்றுவிடும்.

யாரிடம் விற்பது

முதல் வாடிக்கையாளர் தனி வீட்டுக்காரராக இருக்க வேண்டாம், அவர் ஓட்ட அடி விலையைத்தான் பார்ப்பார். கடலோரத்துக் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளைப் பாருங்கள். கோவிலுக்கு, பள்ளிக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு என்று ஒவ்வொரு பங்கிலும் நீளமான காம்பவுண்ட் இருக்கும், அதைப் பராமரிக்கக் கமிட்டி இருக்கும், அந்தக் கமிட்டி பத்து வருடத்துக்கு ஒரு முறை அதே சுவருக்கு மறுபடி வசூல் செய்த அனுபவம் உள்ளது. அவர்களிடம் போய்க் கார்பன், பருவநிலை என்று தொடங்கினால் மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சுவரிலேயே வெடித்த தூண் ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் நின்று பேசுங்கள். எங்களுக்கு முதல் ஆர்டர் அப்படித்தான் கிடைத்தது. கமிட்டிப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி, "இது எத்தனை வருஷம் நிக்கும்?" இருபது வருடம் என்று வாய்வரை வந்தது. அந்த எண்ணுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. சோதனை எண்களைக் காட்டி, ஐந்து வருடத்துக்குள் துரு வெடிப்பு வந்தால் அந்தத் தூணை எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் வேலை செய்தது. தூண் ஒவ்வொன்றிலும் வார்த்த தேதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த உறுதிமொழிக்கு மதிப்பு இல்லை.

அடுத்து கன்னியாகுமரியில் லாட்ஜ், ரிசார்ட் வைத்திருப்பவர்கள், பிறகு வளைகுடாவில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்கள். இரண்டாவது வகையினருக்கு வாட்ஸ்அப்பில் வெள்ளி நைட்ரேட் வீடியோ ஒன்று போதும். அரசு வேலைகளுக்கு இப்போதே அலையாதீர்கள், அங்கே விலைப்பட்டியலில் பெயர் இல்லாத பொருளை எந்த உதவிப் பொறியாளரும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடியாது.

கொத்தனார்களை மறந்துவிட்டால் எல்லாம் வீண். எந்தத் தூண் வாங்குவது என்று வீட்டுக்காரர் கேட்பது அவரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை யார்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, அவர்கள் கையாலேயே கலவை போட வையுங்கள். கமிஷன் கொடுத்து வாங்கும் நட்பு அடுத்த யார்டுக்காரர் ஐந்து ரூபாய் கூட்டும் வரைதான். சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் தரம் சொல்லும் மனிதர்கள் அவர்கள், தட்டிப் பார்க்கட்டும்.

கார்பன் கணக்கை நேர்மையாகச் சொல்வது

யாராவது கேட்டால் சொல்லக் கணக்கு தயாராக இருக்க வேண்டும், ஊதிப் பெருக்கியதாக இருக்கக் கூடாது. ஏழு அடி உயர ஐந்து அங்குலத் தூணுக்கு எங்கள் கலவையில் 12 கிலோ வாக்கில் சிமெண்ட் போகும். முழுக்க ஓபிசி என்றால் சுமார் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த ஓபிசியில் 45 சதவீதத்துக்குப் பதில் சுட்ட மண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் போட்டால், களிமண்ணை நிலக்கரியில் சுட்டதையும் சேர்த்து, ஆறரை கிலோ வாக்கில் வரும். மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதே தூணை 30% சாம்பல் உள்ள பிபிசியில் வார்த்திருந்தால் ஏழு கிலோதான் வந்திருக்கும். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 40% குறைவு என்று விளம்பரங்களில் வருவது ஓபிசியோடு ஒப்பிட்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் ஒழுங்காகக் கிடைக்கிற வரைக்கும் பிபிசியும் நல்ல வழிதான், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்களுக்குக் களிமண் பிடித்ததற்குக் காரணம், மழைக்காலத்திலும் அடுத்த நாளே அச்சைக் கழற்ற முடிகிறது, சாம்பல் கலவையில் இரண்டு நாள் காத்திருந்தோம். நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. நிலக்கரி நிலையங்கள் ஒருநாள் குறைந்தால் சாம்பலும் குறையும், களிமண் அப்படி இல்லை என்பது இன்னொன்று.

அடுத்த கட்டம்

ஒரு வருட ஆர்டர் புத்தகம் கையில் வந்த பிறகு, கிளிங்கரை வாங்கி அரைத்துச் சிமெண்டாக்கும் அரவை ஆலைகளோடு பேசுங்கள். ஐஎஸ் 18189 உரிமம் எடுத்து மூட்டையாகக் கொண்டுவர வேண்டியவர்கள் அவர்கள். சுட்ட களிமண் சிமெண்டைப் பெரிய அளவில் செய்ய முடியும் என்பதைக் கொலம்பியாவின் ரியோகிளாரோ ஆலை 2020-லேயே காட்டிவிட்டது, இங்கே அவர்கள் தயங்குவது வாங்குகிறவர் உண்டா என்ற கேள்வியில்தான். மாதம் இத்தனை டன் எடுப்பேன் என்று நீங்கள் ஒருவர் சொன்னால் அசைய மாட்டார்கள். குளச்சல், இரணியல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து யார்டுகள் எட்டுப் பத்து சேர்ந்து ஒரே தாளில் அளவையும் மாதத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். உங்கள் கலவைக் குறிப்பேடு, கூலும்பு எண்கள், திருப்பி வந்த தூண்களின் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பி வந்தவற்றை மறைக்காதீர்கள், அவர்களுடைய பொறியாளர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கடற்கரையில் ஒரு வருடம் நின்ற தூண்களில் பழைய கலவை ஒன்றும் புதிய கலவை ஒன்றுமாக வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே அறுத்துப் பார்க்கட்டும்.